தினை டப்பாவில் நான் வரைந்த கிளி

போன மாதம் உங்கள் விளம்பரப் பிரிவுக்கு வந்திருந்தபோது, புது டப்பாவில் எந்தப் பொம்மையைப் போடுவது என்று இரண்டு மணி நேரம் பேசினீர்கள். மான்குட்டியா, முயலா, கண்ணாடி போட்ட யானையா என்று ஒரே வாதம். நானும் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டேன். நன்றாகத்தான் பேசினீர்கள். முயலின் காது எந்தப் பக்கம் மடிந்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பிடிக்கும் என்பதற்குக்கூட உங்களிடம் ஒரு அறிக்கை இருந்தது. தினை விளைகிற இடத்தில் முயலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் 'டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க' என்பீர்களே என்று சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னை எல்லோரும் டீச்சர் என்பார்களே தவிர, நான் ஒரு நாள்கூட எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்தது கிடையாது. ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, நைனார்பாளையத்தில் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அந்தச் சமயத்தில் கள்ளக்குறிச்சியில் ஒருவர் பழைய அரிசி மில் ஒன்றை வாங்கி, தினையையும் கம்பையும் வறுத்துத் தட்டி அவலாக்கி, டப்பாவில் அடைத்து விற்கப்போகிறேன் என்று கிளம்பியிருந்தார். பாலை ஊற்றினால் காலைச் சாப்பாடு முடிந்தது, மாவு ஆட்ட வேண்டாம், சட்னி அரைக்க வேண்டாம் என்பார். இட்லி தின்று வளர்ந்த ஊரில் இதை எவன் வாங்குவான் என்று கடைத்தெருவே சிரித்தது. அவர் அசரவில்லை. சென்னையில் ஏதோ பெரிய கடையில் வெளிநாட்டு டப்பா ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு மிருகம் கரண்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்ததாம். "நமக்கும் அந்த மாதிரி ஒண்ணு வேணும்மா. பசங்க அத பாத்துட்டு அம்மாகிட்ட அழுவணும்" என்றார். அவர்தான் உங்கள் கம்பெனியின் முதல் முதலாளி. பிள்ளைகளை அழ வைப்பதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

நான் வரைந்தது கிளி. பச்சை உடம்பு, சிவந்த மூக்கு, ஒரு இறக்கையில் கிண்ணம், இன்னொன்றில் கரண்டி. மூக்கன் என்று பேர் வைத்தோம். ஏன் கிளி என்று முதலாளி கேட்டபோது என்னிடம் பதில் தயாராக இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, புடவை முந்தானையில் இருக்கிறது, பேசும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், "கிளிக்குத் தினைன்னா உசுருங்க" என்றேன். ரொம்பப் பெருமையாகச் சொன்னேன். மலைமேல் தினைக்காட்டில் பரண் கட்டி, கவண்கல் வீசிக் கிளி ஓட்டிய பெண்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கியவள் நான். அந்தப் பெண்கள் எதற்காகக் கல் வீசினார்கள் என்பது படம் போடும்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை. அதெல்லாம் பாட்டு, இது வேலை என்று மூளையில் எங்கோ பிரித்து வைத்திருந்தேன் போல.

மலைக்குக் கீழே, எங்கள் பக்கத்து ஊர்களில் மூக்கன் பிய்த்துக்கொண்டு போனான். சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம் என்று கடை கடையாக டப்பா நின்றது. காலி டப்பாவைக் கத்தரித்து நோட்டுக்கு அட்டை போட்டார்கள் பிள்ளைகள். அடுத்தபடியாக, கூத்துக்குக் கிரீடமும் புஜமும் செய்கிற ஒருவரைப் பிடித்து, ஆள் உள்ளே நுழைந்துகொள்கிற மாதிரி ஒரு கிளி வேஷம் செய்யச் சொன்னேன். உடம்புக்குப் பஞ்சு வைத்துத் தைத்த துணி. தலை மட்டும் மூங்கில் பட்டையில் கட்டிக் காகிதம் ஒட்டியது, ஒரு தவலை அளவு இருக்கும். கண் இருக்கிற இடத்தில் இரண்டு ஓட்டை, அதன்மேல் மெல்லிய கறுப்பு வலைத்துணி. அந்த வழியாகத்தான் உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும்.

முதல் முறை இந்த வேஷத்தைக் கட்டியவர் பாதி ஆட்டத்தில் தண்ணீர் குடிக்கத் தலையைக் கழற்றினார். முன்வரிசையில் இருந்த மூன்று பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். கிளியின் கழுத்துக்கு மேலே மீசை வைத்த ஒரு மனிதர் முளைத்தால் யார்தான் அழமாட்டார்கள். அன்றே நான் ஒரு சட்டம் போட்டேன். பிள்ளைகள் முன்னால் என்ன ஆனாலும் தலையைக் கழற்றக் கூடாது. இதே சட்டம் இன்று உங்கள் கையேட்டில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. எழுதியவள் நான்தான்.

அதற்குப் பிறகு வேஷம் கட்டியவர் சடையன். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊர்க்காரர், வறுவல் பிரிவில் வேலை. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். கம்பெனியில் மலையிலிருந்து வந்த ஒரே ஆள். ஒல்லியான உடம்பு, நன்றாக ஆடுவார், சொன்ன சொல் மீற மாட்டார். டப்பாப் படத்தை முதலில் காட்டிய அன்று எல்லோரும் ஆகா ஓகோ என்றபோது அவர் மட்டும், "கிளியா டீச்சர்?" என்றார்.

"ஏண்ணே, நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு வறுக்கப் போய்விட்டார். நான் அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

ஒரு வருடம் போனது. நாம் தினை வாங்குவது மலையில், அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் மூக்கனைக் காட்டி ஆளுக்கொரு பாக்கெட் கொடுக்கலாம் என்று முதலாளி சொன்னார். சடையன் என் மேஜைக்கு வந்து நின்றார். "மேல வேணாங்க டீச்சர். மேல இது சரிப்படாது" என்றார். நான் சிரித்தேன். சொந்தக்காரர்கள் முன்னால் வேஷம் கட்ட வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "உங்க ஊர்ப் பசங்க பாக்கட்டுமேண்ணே, இன்னா வெக்கம்?" என்று கிண்டல் வேறு செய்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஒருவர் இரண்டு தரம் வந்து சொல்கிறார் என்றால் உட்கார வைத்து ஏன் என்று கேட்க வேண்டும். மூன்றாம் தரம் வந்து சொல்கிற தைரியம் கூலி வாங்குகிற இடத்தில் எல்லோருக்கும் வராது. இதை நான் புரிந்துகொண்டபோது காலம் கடந்திருந்தது.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம். தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டு, நம் பக்கத்துக் குடியானவர்கள் ஒரு வாரம் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். தொடங்குகிற அன்றைக்குத்தான் எங்கள் பயணம். மறியல் எல்லாம் பெரிய ரோட்டில்தான் இருக்கும், மலை ரோட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்றார் முதலாளி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. விடியற்காலையில் டிரைவர் முருகேசன், சடையன், நான், ஐந்நூறு சாம்பிள் பாக்கெட், கூடவே அந்தப் பெரிய தலை என்று வேன் கிளம்பியது. கச்சிராயபாளையம் தாண்டும்வரை ரோட்டில் ஒரு சருகுகூடக் குறுக்கே கிடக்கவில்லை.

மலையில் தினை முற்றுகிற பருவம். பிள்ளைகள் காட்டில் கிளி ஓட்டிவிட்டு அப்படியே பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள் என்பதும், கவணை இடுப்பில் சுற்றிக்கொண்டு வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. வாத்தியார் பிள்ளைகளை வரிசையாக மைதானத்தில் நிறுத்தினார். நான் முன்னால் போய், "இப்போ ஒரு பெரிய ஆள் வரப்போறார், யாருன்னு பாருங்க" என்று கைதட்டினேன். வேனுக்குப் பின்னாலிருந்து ஆறடிக் கிளி ஆடிக்கொண்டே வந்தது.

பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒரு பையன் இடுப்பிலிருந்து கவணை அவிழ்த்தான்.

அதை அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. உள்ளே மனிதர் இருக்கிறார் என்று பெரிய பிள்ளைகளுக்குத் தெரிந்தும் இருக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து கிளியைக் கண்டால் கல்லை எடு என்று பழக்கப்பட்ட கைகள். வருடா வருடம் தங்கள் தினையைத் தின்றவன் இத்தனை பெரிதாக வளர்ந்து, கிண்ணமும் கரண்டியுமாக எதிரே வந்து நிற்கிறான். முதல் கல் வயிற்றுப் பஞ்சில் பொத்தென்று விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து நாலு கல், பத்துக் கல். வாத்தியார் கத்துகிறார், நான் கத்துகிறேன், யார் காதிலும் விழவில்லை. சடையன் ஆடுவதை நிறுத்திவிட்டு இறக்கைகளைத் தூக்கிக்காட்டினார். தலையைக் கழற்றியிருந்தால் அந்த நொடியே எல்லாம் நின்றிருக்கும். அவர் கழற்றவில்லை. என் சட்டம் அவருக்கு நினைவிருந்தது.

கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண், பத்து வயதிருக்கும், அலமேலு என்று பேர், நிதானமாகச் சுழற்றி ஒரே ஒரு கல் விட்டாள். வலைத்துணியைக் கிழித்துக்கொண்டு அது இடது கண் ஓட்டைக்குள் போனது. மூக்கன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தலையை நான்தான் கழற்றினேன். முகத்தில் பாதி தெரியவில்லை, அவ்வளவு ரத்தம். "கழட்டலாமா டீச்சர்?" என்று அப்போதும் கேட்டார் அந்த மனிதர். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் எதுவும் வராது.

வெள்ளிமலையில் கம்பவுண்டர் ஒருவர் கண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். "இன்னிக்குள்ள டாக்டர் பாக்கணும். வுட்டா சீழ் புடிச்சி அடுத்த கண்ணையும் தூக்கினு பூடும்" என்றார். அப்போது காலை பதினொரு மணி. முருகேசன் வேனை அந்த வளைவுகளில் எப்படி இறக்கினான் என்பது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. மலை இறங்கிக் கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தால், காலையில் நின்றுகொண்டிருந்த புளியமரம் ரோட்டின் குறுக்கே படுத்திருந்தது. அதன்மேலும் கீழும் முப்பது பேர்.

தலையில் துண்டு கட்டிய ஒருவர் முன்னால் வந்தார். அங்கே முடிவு சொல்கிறவர் அவர்தான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. "வண்டிய திருப்பு. இன்னிக்கி ஒண்ணும் போவாது" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார்.

நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் முருகேசன் முந்திக்கொண்டான். "அண்ணா, போலீசு அடிச்சிட்டாங்கண்ணா. மறியல் ஆளுன்னு நெனைச்சி கண்ணுலயே அடிச்சிட்டாங்க. நம்ம ஆளுண்ணா."

அவன் கெட்டவன் இல்லை. சடையன் கண்ணைக் காப்பாற்ற அந்த நேரத்தில் அவன் கையில் கிடைத்தது அந்தப் பொய். இரண்டு நிமிடத்துக்கு அது நன்றாகவே வேலை செய்தது. எல்லோரும் வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். கட்டைப் பார்த்தார்கள், சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார்கள். எங்கிருந்தோ ஒரு கயிற்றுக்கட்டில் வந்தது, சடையனை அதில் கிடத்தினார்கள். எனக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் அவர்கள் பேசுவது காதில் விழுந்தது.

"கூட்ரோட்டுக்குத் தூக்குங்க. அங்கதான் கூட்டம் ஜாஸ்தி. எல்லாரும் பாக்கட்டும்."

"ஸ்டேஷன் வாசல்ல வச்சிக் கேப்போம். எவன் அடிச்சான்னு தெரியணும்."

ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஆள் கூட்டப் புறப்பட்டான். நான் முருகேசனைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. கூட்டு ரோட்டில் வைத்துக் காட்டினால் சடையனுக்குக் கண் போகும். ஸ்டேஷன் வாசலுக்குப் போனால் அங்கே எத்தனை பேருக்கு மண்டை உடையும் என்று யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் நாங்கள் பொய் சொன்னவர்கள். முப்பது பேர் கோபத்தின் நடுவில் நாங்கள் மூன்று பேர், அதில் ஒருவருக்குக் கண் கட்டு.

இந்த இடத்தில் நான் ரொம்ப யோசித்து முடிவெடுத்தேன் என்று உங்களிடம் பீற்றிக்கொள்ளலாம். யோசிக்கவெல்லாம் இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"போலீஸ் இல்லீங்க" என்றேன். "அவரு சொன்னது பொய். மேல பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்க கவண்ல அடிச்சாங்க. கிளின்னு நெனைச்சி அடிச்சிட்டாங்க."

"இன்னாது?"

"கிளிங்க."

துண்டு கட்டியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "இந்தம்மா போலீசு ஆளுடா, கேசை மறைக்கப் பாக்குது" என்றது. யாரோ முருகேசன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்கள். இனி வார்த்தையால் ஆகாது என்று தெரிந்தது. வேனின் பின்கதவைத் திறந்து, அந்தத் தலையை இரண்டு கையாலும் தூக்கிவந்து, வெட்டிப்போட்ட மரத்தின்மேல் வைத்தேன். பச்சைத் தலை, சிவந்த மூக்கு, இடது கண்ணில் கிழிசல், கன்னத்தில் ரத்தம். முகத்தில் நான் போட்டுவிட்ட சிரிப்பு.

வயசான குடியானவர் ஒருவர் பக்கத்தில் வந்து, தலைக்குள் கையை விட்டுத் துழாவி, கூழாங்கல் ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கவண்கல்லை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இத வரைஞ்சது யாரு?"

"நாந்தாங்க."

"இத எங்க எடுத்துக்கினு போன?"

"மலைக்குங்க. தினை அவல் விளம்பரத்துக்கு."

"கதிரு முத்துற நேரத்துல, கிளிய எடுத்துக்கினு, மலைக்கு." ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார். "கம்பு, சோளம் எப்பனா போட்டிருக்கியாம்மா?"

"இல்லீங்க."

"தெரியுது" என்றார்.

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. கட்டிலில் கிடந்த சடையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வலியில் முனகிக்கொண்டே சிரித்தார். அவர்கள் எல்லோரும் காட்டில் கிளியோடு மல்லுக்கட்டியவர்கள். அங்கே அந்தப் படத்தின் அபத்தம் புரியாத ஆள் நான் ஒருத்திதான்.

துண்டு கட்டியவர் மட்டும் சிரிக்கவில்லை. முருகேசனிடம் போய், "பொய் சொல்லி எங்கள அடிவாங்க வுட்டிருப்பியே தம்பி" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "எம் பையன் பன்னண்டாவது பாஸ் பண்ணிட்டு மாடு மேய்க்கிறான். அதுக்குத்தான் ரோட்டுல உக்காந்துகினு கீறோம். அடுத்தவன் கண்ணப் புடுங்கறதுக்கு இல்ல. தூக்குங்கடா" என்றார். கட்டிலை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிக் கடத்தினார்கள். அங்கே ஒரு டிராக்டர் நின்றது. அவரே அதில் ஏறி எங்களோடு வந்தார். கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று இடத்தில் மரம், மூன்று இடத்திலும் கூட்டம். ஒவ்வொன்றிலும் டிராக்டரை வயலில் இறக்கிச் சுற்றிக்கொண்டு, "கிளி கேசுப்பா, வுடு" என்று கத்திக்கொண்டே போனார். கேட்டவர்கள் எல்லாம் என்ன ஏது என்று தெரியாமலே வழி விட்டார்கள். அவர் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு டாக்டர் பார்த்தார். ரோடு திறந்த பிறகு கண்ணுக்கென்றே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனோம். கண் முழி தங்கியது, வலது கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சின்னத் தழும்பு தவிர வித்தியாசம் தெரியாது.

முதலாளியிடம் போய், படம் போட்டது என் தப்பு, சட்டம் போட்டது என் தப்பு, இரண்டு தரம் சொன்னவரை ஏன் என்று கேட்காதது அதைவிடப் பெரிய தப்பு என்று சொன்னேன். அவர் மேஜைமேல் இருந்த டப்பாவைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "வேற வரைம்மா" என்றார். வேறு என்ன வரைவது என்று சடையனிடம் கேட்டேன். இந்தத் தடவை உட்கார வைத்துக் கேட்டேன். "கிளி இருக்கட்டும் டீச்சர். அத தொரத்தற மாதிரி ஒரு பொண்ண போடுங்க. அப்ப மேலயும் கொண்டு போலாம்" என்றார். பரண்மேல் நின்று கவண் சுழற்றும் ஒரு பெண், வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும் கிளி. நீங்கள் இன்றைக்கும் டப்பாவில் பார்க்கிற அந்தப் பெண் அப்படிப் பிறந்தவள்தான். உலகத்திலேயே தன் பொம்மையைத் தானே அடித்து விரட்டுகிற டப்பா நம்முடையது ஒன்றுதான் என்று நான் இப்போதும் மார்தட்டிக்கொள்வேன். படம் போடுவதில் நான் கெட்டிக்காரி, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. கேட்பதில்தான் மோசம்.

சிவகாசிக்கு அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு சடையனும் நானும் பஸ் ஏறி மலைக்குப் போனோம். போவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அலமேலு அன்றிலிருந்து பள்ளிக்கூடம் வரவில்லை. காட்டுக்கும் போவதில்லை, கவணைத் தொடுவதில்லை, ஒருத்தர் கண்ணை அவித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் கிடக்கிறாள் என்று அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். "நான் வந்து பேசறேன்" என்றார் சடையன்.

வீட்டு வாசலில் எங்களைப் பார்த்ததும் அவள் உள்ளே ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சடையன் முற்றத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். வலது கண்ணை, அதாவது நல்ல கண்ணை, உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு கூப்பிட்டார்.

"அலமேலு, வெளிய வா பாப்பா. கண்ணு போச்சின்னு யாரு சொன்னாங்க? இங்க வந்து நில்லு. நீ அடிச்ச கண்ணாலயே உன்னப் பாக்கறேன்."

அவள் அப்பா கையைப் பிடித்து அழைத்துவந்து எதிரே நிறுத்தினார். நாலடி தூரம் இருக்கும். சடையன் தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்தக் கண்ணால் அவளை உற்றுப் பார்த்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எலும்பும் தோலுமா பூட்ட. தலைய நல்லா வாரிப் பச்ச ரிப்பன் கட்டிக்கினு கீற. இன்னா, சரிதான?"

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் எல்லோரும் பச்சை ரிப்பன்தான் கட்டுவார்கள். ஆனால் இவள் பள்ளிக்கூடம் போவதை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒற்றைப் பின்னலை முன்னால் போட்டிருந்தாள். அதன் நுனியில் கட்டியிருந்தது சிவப்பு ரிப்பன்.

அவள் அப்பா என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். முப்பது பேர் நடுவில் பொய் என்று கத்தியவளுக்கு அந்த முற்றத்தில் நாக்கு எழவில்லை. அலமேலு தன் பின்னலைக் குனிந்து பார்த்தாள். பிறகு சடையன் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். அவர் கையை எடுப்பதற்குள் பின்னலைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டாள்.

"ஆமா மாமா" என்றாள். "பச்சதான்."

சடையன் கையை எடுத்தார். முகம் மலர்ந்துபோயிருந்தது. அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "கவண இப்டி புடிச்சா கல்லு பின்னாலதான் போவும்" என்று என்னிடம் சொன்னாள். எப்படிப் பிடிப்பது என்று எழுந்து நின்று காட்டினாள். அங்கேயே திருத்தி வரைந்தேன். நாங்கள் புறப்படும்வரை அவள் சடையன் பக்கம் முதுகைத் திருப்பவே இல்லை. தண்ணீர் கொண்டுவர உள்ளே போனபோதுகூட, முகத்தை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போனாள்.

சாயங்கால பஸ்ஸில் மலை இறங்கும்போது சடையன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் வளைவு தாண்டியதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர். சும்மா குத்துமதிப்பா அடிச்சி வுட்டேன். நம்பிடுச்சி, பாவம். சின்னப் பொண்ணு தான."

"ஆமாண்ணே" என்றேன். "நம்பிடுச்சி."